ஒரு ஆழாக்கு வயிறு

இன்னும் 22 நாள்ல எனக்கு ஆபரேஷன். குடல்வால் இல்லை, சிறுநீரகக் கல் இல்லை. எடை குறைக்கிற ஆபரேஷன். பேரியாட்ரிக்னு சொல்வாங்களே, அதேதான்.

அப்பாடா, எழுதிட்டேன்! இந்த நாலு வரியை எழுத நாலு மாசம் ஆச்சு மக்களே :-)

முதல்ல என் ஜாதகம். வயசு 29. ஊர் போடி. (முழுப்பேர் போடிநாயக்கனூர். ஆனா பஸ் போர்டைத் தவிர வேற யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க.) படிச்சது இன்ஜினியரிங். பொழப்பு சென்னையில பொட்டி தட்டுறது. உயரம் 172 செ.மீ. எடை 138 கிலோ. கிலோவை மீட்டர்ல இருக்கிற உயரத்தால ரெண்டு தடவை வகுத்தா வர்றதுதான் பி.எம்.ஐ. எனக்கு 46.6. டாக்டர் அந்த நம்பரை எழுதிட்டு அடியில ரெண்டு கோடு போட்டார். பரீட்சை பேப்பர்ல கூட எனக்கு யாரும் ரெண்டு கோடு போட்டதில்லை.

கூடவே 27 வயசுல வந்த சர்க்கரை. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி. அதுக்கு ராத்திரி மூஞ்சியில மாஸ்க் மாட்டி, காத்தை உள்ள தள்ளுற ஒரு மெஷின். ரூம்ல கூட இருக்கிற பயலுக எனக்கு வச்ச பேரு 'பைலட்'.

"சாப்பாட்டைக் குறைச்சு, நடந்தா குறையப் போகுது, இதுக்கு எதுக்குடா கத்தி?" இந்தக் கேள்விதான் இப்ப உங்க மனசுலயும் ஓடும். எனக்கும் பத்து வருஷமா ஓடுது. காலேஜ்ல 19 கிலோ குறைச்சேன், 24 ஏறுச்சு. வேலைக்கு வந்தப்புறம் ஜிம், பேலியோ, யாரோ தெரிஞ்சவர் தலையில கட்டின பவுடர் டப்பா... கடைசியா 2023-ல 14 கிலோ குறைச்சேன். ஒன்றரை வருஷத்துல வட்டியோட திரும்பி வந்துச்சு. நான் சோம்பேறி, வாயைக் கட்டத் தெரியாதவன்னுதான் என்னைப் பத்தி நானே முடிவு கட்டி வச்சிருந்தேன்.

அதை உடைச்சது போன வருஷம் நடந்த ஒரு விஷயம்.

போடியிலேருந்து மேற்கே பார்த்தா மலைதான். முந்தல் தாண்டினா 17 கொண்டை ஊசி வளைவு, மேல போடிமெட்டு. அந்தப் பக்கம் கேரளா, பூப்பாறை, சாந்தன்பாறைன்னு ஏலத்தோட்டமா போகும். காலையில விடியறதுக்கு முன்னாடியே போடியிலேருந்து ஜீப் ஜீப்பா பொம்பளையாளுங்க காய் எடுக்கப் போவாங்க, சாயங்காலம் இறங்குவாங்க. எங்க மாமா மேல கொஞ்சம் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்திருக்கார். எங்க அப்பா கடைசி வரைக்கும் வேலை பாத்த ஸ்டோரும் அந்தச் சரிவுலதான் இருக்கு. ஸ்டோர்ங்கிறது கடை இல்லீங்க, பச்சை ஏலக்காயைக் காய வைக்கிற இடம்.

அப்பா திதிக்கு ஊருக்கு வந்தப்ப, மாமா "வாப்பா, அப்பா இருந்த எடத்தைப் பாத்துட்டு வருவோம்"னு கூட்டிட்டுப் போனார். ஜீப்புல ஏறினா, டிரைவர் ரொம்ப மரியாதையா "அண்ணே, நீங்க முன்னாடி உக்காருங்க, ரெண்டு ஆளு சார்ஜ் குடுத்துருங்க"ன்னார். தப்பு சொல்ல முடியாது, ரெண்டு ஆள் இடத்தைத்தான் அடைச்சிருந்தேன்.

ரோட்டுலேருந்து ஸ்டோருக்கு ஒத்தையடிப் பாதை. ஏறினா கால் மணி நேரம். எனக்கு 50 நிமிஷம் ஆச்சு. மூணாவது தடவை ஒரு பாறையில உக்காந்து நெஞ்சைப் பிடிச்சுட்டு இருந்தப்ப, பச்சைக்காய் மூட்டையைத் தலையில வச்சுகிட்டு ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனாங்க. அறுபது வயசு இருக்கும். நின்னு, "தண்ணி வேணுமா தம்பி?"ன்னு கேட்டாங்க. கிண்டலே இல்லை, நெசமான அக்கறை. அதுதான் தாங்க முடியலை.

அப்பாவுக்கும் சர்க்கரைதான். அவரும் கனத்த உடம்புதான். 2019 ஆகஸ்ட் 3-ஆம் தேதி புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய்க்குப் போச்சு. எங்க ஊரே அதைத்தான் பேசிச்சு. அந்த மாசம்தான் அப்பா போனார். மாரடைப்பு. வயசு 53. அந்தப் பாறையில உக்காந்து கணக்குப் போட்டேன். 53-ல 29 போனா 24. கணக்குல நான் எப்பவும் ஸ்ட்ராங்கு.

சென்னை திரும்பினதும் டாக்டர்கிட்ட போனேன். அவர் முதல்ல சொன்ன விஷயத்துக்கே ஃபீஸ் சரியாப் போச்சு. "நீங்க குறைச்ச எடை திரும்பி வந்தது உங்க குணத்தோட கோளாறு இல்லை. உடம்பு பழைய எடையைக் காப்பாத்தப் போராடுது. எடை குறையக் குறைய பசியைத் தூண்டுற ஹார்மோன் கூடும், செலவாகுற சக்தி குறையும்." அதாவது நான் ஒவ்வொரு தடவையும் கோட் மாத்தி எழுத, ராத்திரியோட ராத்திரியா எவனோ பழைய வெர்ஷனை ஏத்திட்டே இருந்திருக்கான்!

எடைக்கான ஊசிகளைப் பத்தியும் பேசினார். டிர்செபடைட், செமாக்ளூடைட் ரெண்டும் 2025-ல இந்தியாவுல எடைக்காக விற்பனைக்கு வந்தது. நல்லா வேலை செய்யுது, ஆனா நிறுத்தினா பெரும்பாலும் எடை திரும்புது. என்னோட எடைக்கும் சர்க்கரைக்கும் ஆபரேஷன்ல குறையறது அதிகம், அது நிலைச்சு நிக்கிறதும் அதிகம்னார். முடிவை என்கிட்டயே விட்டுட்டார்.

ஆபரேஷன்ல முக்கியமா ரெண்டு வகை. ஒண்ணு பைபாஸ். இரைப்பையைச் சின்னதா ஒரு பை மாதிரி ஆக்கி, சிறுகுடலைக் கொஞ்ச தூரம் தாண்டி இணைக்கிறது. அமெரிக்காவுல எட்வர்ட் மேசன்ங்கிற டாக்டர் 1966-ல ஆரம்பிச்சு வச்ச முறையிலேருந்து வளர்ந்தது. இன்னொண்ணு ஸ்லீவ். இரைப்பையை நெட்டுவாக்குல வெட்டி, முக்கால் பங்குக்கு மேல எடுத்துட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுறது. பசியைத் தூண்டுற கிரெலின் ஹார்மோன் அதிகமாச் சுரக்கிற பகுதியும் வெட்டி எடுக்கிறதோட போயிடும். நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கு ஸ்லீவ் ஒத்துக்காம போகலாம், அவங்களுக்கு பைபாஸ் தேவலை. எண்டோஸ்கோப்பி பார்த்துட்டு எனக்கு ஸ்லீவ்னு முடிவாச்சு.

காசு விஷயம். இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல கொண்டு வந்த விதிப்படி, டாக்டர் பரிந்துரை செஞ்சு, பி.எம்.ஐ. 40-க்கு மேல இருந்தாலோ, 35-க்கு மேல இருந்து கட்டுப்படாத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சுத்தடை மாதிரி வியாதி இருந்தாலோ, 'இது எடை குறைப்பு'ன்னு சொல்லி ஒதுக்க முடியாது. ஆனா 2022-லயே உலக அளவுல ரெண்டு பெரிய டாக்டர்கள் அமைப்பு ஒண்ணு சேர்ந்து, ஆசியாக்காரங்களுக்கு 27.5-லேருந்தே இந்த ஆபரேஷனைப் பத்தி யோசிக்கலாம்னு சொல்லிட்டாங்க. நமக்கெல்லாம் குறைஞ்ச எடையிலயே சர்க்கரை வந்துடுதே! டாக்டர் சொல்ற வரம்பு ஒண்ணு, இன்சூரன்ஸ் வரம்பு ஒண்ணு. போறவங்க பாலிசியைப் படிச்சுட்டுப் போங்க. எனக்கு ரெண்டுலயும் பாஸ் மார்க். வாழ்க்கையில முதல் தடவையா என் எடையால ஒரு பிரயோஜனம் :-)

'குறுக்கு வழி'ன்னு சொல்றவங்களுக்காக இந்த நாலு மாசம் நான் என்ன பண்ணினேன்னு சொல்லிடறேன்.

ரத்தத்துல சர்க்கரை, தைராய்டு, இரும்பு, பி12, டி வைட்டமின். இதயத்துக்கு எக்கோ. கல்லீரலுக்கு ஸ்கேன். (கொழுப்புப் படிஞ்சிருக்காம். அது மட்டும் விட்டு வைக்குமா?) நுரையீரலுக்கு ஊதிப் பாக்கிற டெஸ்ட். அப்புறம் மூணு பந்து வச்ச ஒரு பிளாஸ்டிக் சாமான் குடுத்தாங்க. மூச்சை உள்ள இழுத்து பந்தை மேல தூக்கணும். ஆரம்பத்துல ஒரு பந்துதான் எழுந்துச்சு. இப்ப மூணும் எழுந்திரிக்குது. பைலட் மெஷினை தினமும் மாட்டணும், மயக்க மருந்துக்கு அது முக்கியம். சிகரெட்டை அறவே விடணும், ரெண்டு மாசமாச்சு விட்டு. தினமும் நடக்கணும், ஆபரேஷனுக்கு அப்புறம் கால்ல ரத்தம் உறையாம இருக்கணும்னா நடக்கிற பழக்கம் இப்பவே வேணும்.

மனநல ஆலோசகர்கிட்ட ரெண்டு தடவை போனேன். "எப்ப சாப்பிடுவீங்க?"ன்னு கேட்டாங்க. பசிச்சான்னு சொல்ல வந்தவன் சொல்ல முடியாம நின்னுட்டேன். மேனேஜர் திட்டினா சாப்பிடுவேன். புரொடக்ஷன்ல ஏதாவது புட்டுகிச்சுன்னா ராத்திரி 2 மணிக்கு பரோட்டா. ஊர் ஞாபகம் வந்தா சாப்பிடுவேன். அப்பா போன அன்னிக்கு, எல்லாரும் படுத்தப்புறம், அடுப்படியில தனியா உக்காந்து சாப்பிட்டேன். இதை அது வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. "இரைப்பையைத்தான் டாக்டர் சின்னதாக்குவார், இதை நீங்கதான் பாத்துக்கணும்"னாங்க.

கடைசி ரெண்டு வாரம் ஸ்பெஷல் சாப்பாடு. நாளைக்கு 800-லேருந்து 1,000 கலோரிக்குள்ள. மோர், முட்டை வெள்ளை, பயறு, காய், கொஞ்சம் சிக்கன். சோறு, இட்லி, தோசை கிடையாது. ஏன்னா கொழுப்பு ஏறின கல்லீரல் இரைப்பைக்கு மேல படுத்திருக்கும். அது கொஞ்சம் சுருங்கினாத்தான் டாக்டர் அதைத் தூக்கிப் பிடிச்சுட்டு வேலை பாக்க முடியும்.

பயம் இல்லையான்னா, இருக்கு. 2024 ஏப்ரல்ல புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசு இளைஞர் ஒருத்தர், கிட்டத்தட்ட 150 கிலோ, சென்னையை ஒட்டின ஒரு தனியார் ஆஸ்பத்திரியில இதே மாதிரி ஆபரேஷனுக்குப் போய் இறந்துட்டார். அரசு விசாரிச்சு, குறைபாடு இருக்குன்னு அந்த ஆஸ்பத்திரியோட பதிவை நிறுத்தி வச்சாங்க. அந்தச் செய்தியை நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. என் வயசு, கிட்டத்தட்ட என் எடை.

அதனால என் டாக்டர்கிட்ட ஒரு லிஸ்ட்டே எழுதிட்டுப் போனேன். வருஷத்துக்கு எத்தனை பண்றீங்க? ஐ.சி.யூ. இதே கட்டடத்துலயா? மயக்க டாக்டர் கனத்த உடம்புக்காரங்களைப் பாத்துப் பழகினவரா? தையல் கசிஞ்சா யார் பாப்பாங்க, ராத்திரி 2 மணிக்கு யாரைக் கூப்பிடணும்? அவர் கோவப்படலை. ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்னார். கோவப்பட்டிருந்தா வேற இடம் பாத்திருப்பேன். அனுபவமுள்ள பெரிய மையங்கள்ல உயிராபத்து ஆயிரத்துக்கு ஒண்ணு, அதுக்கும் கம்மின்னார். ஆபரேஷன் பண்ணிக்காம இருக்கிறதுலயும் ஆபத்து இருக்கு. ஸ்வீடன்ல 1987-ல ஆரம்பிச்சு, ஆபரேஷன் பண்ணிகிட்டவங்களையும் பண்ணிக்காதவங்களையும் வருஷக் கணக்கா கவனிச்சாங்க. 2007-ல வந்த முடிவுல, பண்ணிகிட்டவங்ககிட்டதான் சாவு குறைவு.

எல்லாம் சரி. அம்மாகிட்ட யார் சொல்றது?

அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குச் சொல்லாமலே முடிச்சுட்டு, 'ஹெர்னியா'ன்னு ஏதாவது புளுகலாம்னுதான் பிளான். அக்கா திட்டின திட்டுல பிளான் புட்டுகிச்சு. "ஆபரேஷனுக்கப்புறம் ஆயுசு முழுக்க நீ அம்மா கையால சாப்பிடவே போறதில்லையா? எத்தனை நாள் மறைப்ப?" சரின்னு போன வாரம் போடி ரயிலேறினேன். (2010 கடைசியில மீட்டர்கேஜை நிறுத்தினவங்க, 2023 ஜூன் 15-லதான் எங்க ஊருக்கு மறுபடி ரயில் விட்டாங்க. லோயர் பெர்த் கிடைச்சுது, அப்பர்ல படுத்திருந்தவர் நிம்மதியாத் தூங்கியிருப்பார்.)

அம்மாவுக்கு ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க உக்காந்து, சல்லடையில வந்த காயைக் கையால பொறுக்கணும். பச்சை நிறம் ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம். அந்தக் காசுலதான் நான் படிச்சேன். வீட்டுல எப்பவும் ஏலக்காய் வாசனைதான், ஆனா சின்ன வயசுல பாயசம்னு ஒண்ணு வெச்சதா ஞாபகம் இல்லை. நான் வேலைக்குப் போனப்புறம்தான் அம்மா மனசாரச் சமைக்க ஆரம்பிச்சாங்க. என் தட்டுல சோறு குறைஞ்சா அவங்க முகம் குறையும்.

சாயங்காலம் வேலை முடிஞ்சு வந்தவங்ககிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. கையில ஒட்டியிருந்த ஏலக்காய்த் தோலைத் தட்டிகிட்டே இருந்தாங்க.

"ஏஞ்சாமி, வயித்தையா வெட்டி எடுக்குறாங்க?"

"முழுசா இல்லம்மா. பெரும்பகுதியை."

"அப்பப் பசிக்காதா?"

"கம்மியாப் பசிக்கும்மா."

"பசிக்காம எப்பிடிறா மனுசன் இருக்குறது?"

இதுக்கு எந்த டாக்டரும் பதில் சொல்லித் தரலை. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே கேட்டாங்க. "ஒங்கப்பா சொல்லுவாரு, காயை அவசரப்படுத்துனா வெடிச்சுரும்னு. அஞ்சு கிலோ பச்சைக்காயி ஒரு கிலோவா வத்துற வரைக்கும் ராத்திரி பூரா முழிச்சு, சூடு ஏறாம பாத்துக்குவாரு. ஒன் ஒடம்ப ஒரு மணி நேரத்துல வத்த வைக்கிறேங்குறாங்களா?"

"இல்லம்மா. வெட்டுறதுதான் ஒண்ணு, ஒன்றரை மணி நேரம். வத்துறதுக்கு வருஷத்துக்கு மேல ஆகும். நூறு கிலோவுக்கு வந்தாலே நல்ல ரிசல்ட்டாம். ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். முடி கொட்டும், அப்புறம் முளைக்கும். நான் ஒழுங்கா இல்லைன்னா எடை திரும்பவும் ஏறும்."

"அப்ப எம்புட்டுதான் சாப்பிடலாம்?"

எழுந்து போய் அரிசிப் பானையில கிடந்த பித்தளை ஆழாக்கை எடுத்துட்டு வந்து காட்டினேன். ஏறக்குறைய 168 மில்லி. "இனிமே என் வயிறு இதைவிடச் சின்னது. நூறு, நூத்தம்பது மில்லிதான்." அம்மா அதை வாங்கி, தண்ணி ஊத்தி, குறைச்சு, மறுபடி ஊத்தி, விரலை விட்டுப் பாத்தாங்க. அழுவாங்கன்னு நினைச்சேன். அழலை. "மொத வாரம்?"னு கேட்டாங்க. "வெறும் தெளிஞ்ச தண்ணி ஆகாரம்மா. ஒரு தடவைக்கு முப்பது மில்லி, மெதுவா உறிஞ்சணும்."

மறுநாள் காலையில எழுந்தப்ப, பரண்லேருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியிருந்துச்சு. சாமி மாடத்துக்குப் பக்கத்துல, புளி போட்டுத் தேய்ச்சுக் கவுத்தி வச்ச வெள்ளிப் பாலாடை. நான் பொறந்தப்ப அம்மாச்சி வாங்கிக் குடுத்தது. எனக்கு அதுலதான் பால் ஊட்டினாங்களாம்.

"இதுல ஒரு வாட்டிக்கு எத்தன மில்லி புடிக்கும்னு பாரு. ஆசுபத்திரிக்கு இதையும் எடுத்துட்டு வர்றேன்"னாங்க. மாமாவுக்கு போன் போட்டு, மூணு வாரம் வேலைக்கு வர முடியாதுன்னு கடைக்காரர்கிட்ட சொல்லச் சொல்லிட்டாங்க.

நாலு மாசமா ரத்தம், எக்கோ, ஸ்கேன்னு என்னென்னவோ தயார் பண்ணினேன். தயார் பண்ண வேண்டிய முக்கியமான ஆள்கிட்ட கடைசியாத்தான் போயிருக்கேன். யார்கிட்டயும் சொல்லாம தனியா சாப்பிட்டவன், யார்கிட்டயும் சொல்லாம தனியா ஆபரேஷனும் பண்ணிக்கப் பாத்திருக்கேன். ரெண்டும் ஒரே வியாதிதான் போல.

இன்னிக்கு சாயங்காலம் அம்மாவும் நானும் பரமசிவன் மலை அடிவாரம் வரைக்கும் நடந்தோம். படியேறலை. "வந்தப்புறம் ஏறிக்கலாம்"னாங்க. திரும்பி வர்ற வழியில பரோட்டாக் கடை வாசனை. ரெண்டு பேருமே அந்தப் பக்கம் பாக்காத மாதிரி நடந்தோம் :-)

அடுத்த வாரம் சோறில்லாச் சாப்பாடு ஆரம்பம். பாலாடையில தண்ணி ஊத்தி அளந்தேன். சரியா 25 மில்லி.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லீங்க, வெறும் பொட்டி தட்டுறவன். இதைப் படிச்சுட்டு யாரும் நேரா கத்திக்குப் போயிடாதீங்க. நாலு கேள்வி எழுதிகிட்டு நல்ல டாக்டரைப் பாருங்க. அதுக்கு முன்னாடி வீட்டுல சொல்லிடுங்க.